சாயம் பூசாத குருதி

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், லங்காட் ஆற்றை அடுத்து அமைந்த ஊர் தெலுக் பங்லிமா காராங். ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. இன்று தொழிற்கூடங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வட்டாரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் சதுப்பும் அலையாத்திக் காடுமாகக் கிடந்தது. கிள்ளான் வட்டாரத்தில் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, ரப்பர் நட்டவர்களுள் பெரும் பகுதியினர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர். அவர்களைப் பாம்பும் புலியும் கொன்றதினும் காய்ச்சல் கொன்றதே மிகுதி. லயத்தில் ஒருவர் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தால் அடுத்த வீட்டார் காரணம் கேட்கமாட்டார்கள். கொயினாக் கசப்பை அறியாத நாக்கு அந்நாளில் தோட்டத்தில் அரிது.

நோயின் பெயரைச் சற்று நோக்குவோம். ‘மலேரியா’ என்பது இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும். சதுப்பிலிருந்து எழும் ஆவியே நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலத்துச் சொல் அது. நம்பிக்கை பொய்த்த பின்னரும் சொல் நிலைத்துவிட்டது. தமிழர் வழங்கிய ‘முறைக்காய்ச்சல்’ என்னும் சொல்லோ காரணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காலத்தை மட்டும் சொல்லும். குறித்த இடைவெளியில் முறை வைத்து வரும் காய்ச்சல் என்பதே அதன் பொருள். பெயரிட்டவர் நுண்பெருக்கியைக் கண்டவரல்லர். ஆயினும் அவர் பிடித்துக்கொண்ட குறிப்பு சரியானது. மலேரியாக் கிருமி செங்குருதி அணுவுக்குள் புகுந்து, வளர்ந்து, பலவாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே வேளையில் உடையும்போது உடல் நடுங்குகிறது. சிலவகைக் கிருமிக்கு இச்சுற்று 48 மணி நேரம். மற்றொரு வகைக்கு 72 மணி நேரம். ஆகவே ‘முறை’ என்பது உயிரோடிருக்கும் கிருமியின் வாழ்நாள் கணக்கு. செத்த கிருமிக்கு முறை கிடையாது. மலேரியா ஆராய்ச்சியின் வரலாற்றில் இவ்வேறுபாடு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

செங்குருதி அணுவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏழெட்டுக் கூறு. அதற்குள் குடியிருக்கும் கிருமியை முதன்முதலில் இன்னதெனக் கண்டுகொண்டவர் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரான். அல்ஜீரியா நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரப் படை மருத்துவமனையில், 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், காய்ச்சல் கண்ட போர்வீரர் ஒருவரின் குருதியை எடுத்த மாத்திரத்தில் கண்ணாடித் தகட்டிலிட்டு அவர் நோக்கினார். சாயம் ஏதும் சேர்க்கவில்லை. காய்ச்சலில் இறந்தவர்களின் குருதியிலும் மண்ணீரலிலும் கருந்துகள்கள் காணப்படுவதை 1847ஆம் ஆண்டிலேயே மெக்கல் என்னும் ஜெர்மன் மருத்துவர் குறித்திருந்தார். அத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே லாவரான் ஆராய்ந்த வினா. அன்று அவர் கண்டது வேறு. கருந்துகள் நிறைந்த உருண்டை ஒன்றின் ஓரத்திலிருந்து மெல்லிய இழைகள் பாய்ந்து, சவுக்குப் போல் அடித்து, அருகிருந்த செங்குருதி அணுக்களைத் தள்ளின. அசைவது உயிர் என்று அவர் முடிவு செய்தார்.

இதில் ஒரு நற்பேறு உண்டு. உடலைவிட்டு வெளிவந்த குருதி குளிரும்போது கிருமியின் ஆண் வடிவம் இவ்விழைகளை வெளியிடும். கொசுவின் வயிற்றில் நிகழவேண்டியது கண்ணாடித் தகட்டிலேயே நிகழ்ந்துவிட்டது. லாவரான் குருதியை உலர்த்திச் சாயம் ஏற்றியிருந்தால் அசைவைக் கண்டிருக்கமாட்டார். சிதைந்த குருதி அணுக்களைக் கண்டு மயங்கினார் என்று பலர் அவரை மறுத்தனர். நோபல் பரிசு அவருக்கு 1907ஆம் ஆண்டில்தான் வந்தது.

அந்தக் கருந்துகள் யாது? செங்குருதி அணுவில் நிறைந்துள்ள ஹீமோகுளோபினே கிருமிக்கு உணவு. அதனைத் தின்று செரித்தபின் இரும்பு அடங்கிய ஹீம் என்னும் பொருள் மிஞ்சும். அது கிருமிக்கே நஞ்சு. எனவே கிருமி அதனைக் கரையாத சிறு படிகங்களாக்கித் தன் உடலுக்குள் ஒதுக்கிவைக்கிறது. ஹீமோசோயின் என்பது அப்படிகத்தின் பெயர். ஒளியில் அது கரும்பழுப்பாய்த் தெரியும். யாரும் பூசவேண்டாத பொட்டு அது. கிருமி தானே தனக்கு இட்டுக்கொண்டது.

அந்தப் பொட்டே அடுத்த பெரிய கண்டுபிடிப்புக்கும் வழிகாட்டியது. 1894ஆம் ஆண்டில் லண்டனில் பேட்ரிக் மேன்சன், அதுவரை லாவரானின் கூற்றை ஐயுற்றிருந்த ரொனால்டு ராஸுக்கு நோயாளியின் குருதியில் இவ்வுருக்களைக் காட்டினார். இந்தியா திரும்பிய ராஸ், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் சிக்கந்தராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசு ஒன்றை அறுத்துப் பார்த்தார். அதன் வயிற்றுச் சுவரில் சில வட்ட அணுக்கள். அவற்றுள் அதே கருந்துகள். கொசுவின் உடலில் இத்துகளுக்கு வேறு வேலையில்லை. மறுநாள் எஞ்சியிருந்த கொசுவை அறுத்தபோது அவ்வணுக்கள் பெருத்திருந்தன. நேற்றைவிட இன்று பெரியது என்றால் அது வளர்கிறது, வளர்வது உயிருடையது. முதல்நாள் காட்சியைவிட இரண்டாம் நாளின் ஒப்பீடே வலுவான சான்று எனலாம்.

நான்கே ஆண்டுகளில் இதன் பயன் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தது. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், காய்ச்சலால் மூடப்படும் நிலையை எட்டியது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை அழித்தார். இவ்விரு நகரங்களிலிருந்தும் மருத்துவமனை சேர்ந்த மலேரியா நோயாளிகள் 1902ஆம் ஆண்டில் 199 பேர். 1905ஆம் ஆண்டில் 23 பேர். அதே காலத்தில் மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 204-இலிருந்து 353 ஆகப் பெருகினர். நகரம் நலம் பெற, தோட்டப்புறம் நோயில் கிடந்தது என்பதை இவ்விரு வரிசைகளும் காட்டுகின்றன. வடிகால் நகரத்துக்கு வெட்டப்பட்டது, தோட்டத்துக்கு வெட்டப்படவில்லை. பின்னர் வாட்சன் தோட்டங்களிலும் பணியாற்றினார். தாழ்நிலச் சதுப்பின் நிழலில் வளரும் கொசு வேறு, மலைச்சரிவின் வெயிலோடையில் வளரும் கொசு வேறு. முன்னதை ஒழிக்கும் காடழிப்பு பின்னதைப் பெருக்கும் என்பதும் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்ட பிறகே தெளிவாயிற்று.

தோட்டத்தின் நிலையை அறிய வாட்சன் கையாண்ட முறை எளியது. சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். ஊசியில்லை, சாயமில்லை. நூற்றுக்கு இத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்னும் கணக்கே அந்தத் தோட்டத்து மலேரியாவின் அளவுகோலாயிற்று. பிள்ளைகளின் வயிறு தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லிற்று என்பது மிகையன்று.

தனி நோயாளியிடம் கிருமியைக் காட்டுவதற்கு மட்டும் சாயமே வென்றது. 1891ஆம் ஆண்டில் ரஷ்யாவில் ரொமனாவ்ஸ்கி, மெத்திலீன் நீலத்தையும் இயோசின் என்னும் செஞ்சாயத்தையும் கலந்து, கிருமியின் உடல் நீலமாகவும் உட்கரு செவ்வூதாவாகவும் தெரியச் செய்தார். ஹாம்பர்க் நகரின் வேதியியலார் கீம்சா 1904ஆம் ஆண்டில் அக்கலவையைத் திருத்தி, எங்கும் ஒரே தரத்தில் கிடைக்கும்படி செய்தார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டுக் குருதியைக் கண்ணாடியில் தடவி, உலர்த்திச் சாயமிட்டு நோக்கும் வேலை, தோட்டத்து டிரஸ்ஸர் முதல் தலைநகர ஆய்வுக்கூடத்தார் வரை எல்லார்க்கும் பொதுவாயிற்று. அச்சாயத்தால் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. இதனை மறந்து சாயத்தைக் குறைகூறுவது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் அதே 1891ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த ஒரு சோதனை சாயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. கிருமியைப் பற்றிக்கொள்ளும் சாயம் கிருமியைக் கொல்லவும் கூடும் என்று கருதிய பால் எர்லிக்கும் குட்மனும், மெத்திலீன் நீலத்தை இரு மலேரியா நோயாளிகளுக்கு மருந்தாகவே கொடுத்தனர். இருவரும் தேறினர். மருத்துவத்துக்கு இது நற்செய்தி, நோக்குபவனுக்கோ எச்சரிக்கை. கீம்சா முறையிலும், மெல்லிய பூச்சைச் சாயத்தில் இடுமுன் மெத்தனாலில் நனைத்து அணுக்களை அப்படியே நிலைப்படுத்துவர். சாயம் ஏறும்போது அங்கே உயிரில்லை. காட்சி தெளிவு, ஆனால் ஒரு கணத்தின் காட்சி. கிருமி முறை வைத்து எப்போது வரும், மருந்து பட்டதும் என்ன ஆகும் என்பவற்றை அத்தகடு சொல்லாது.

இதனால் விளைந்த பெரும் மயக்கம் நம் மலேசிய மண்ணிலேயே நிகழ்ந்தது. நீள்வால் குரங்கிடம் வாழும் ஒருவகைக் கிருமியை, சிங்கப்பூரிலிருந்து கொணரப்பட்ட குரங்கொன்றில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோல்ஸும் தாஸ் குப்தாவும் ஆராய்ந்து 1932ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோல்ஸின் பெயராலேயே அது ‘நோலெசி’ எனப்பட்டது. 1965ஆம் ஆண்டில் பகாங் காட்டில் பணிபுரிந்து திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. சாயமிட்ட குருதியைக் கண்டு ஒருவகைக் கிருமி என்றனர். பிறகு வேறொரு வகை என்றனர். அக்குருதியைக் குரங்குக்குச் செலுத்திய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதன்பின் சில பத்தாண்டுகள், இது எப்போதோ நிகழும் அருநிகழ்ச்சி என்றே உலகம் எண்ணியது.

சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியே என்னும் மென்மையான கிருமி மிகுதியாகக் காணப்படுவதாகப் பதிவுகள் கூறின. அக்கிருமி குருதியில் சிறு தொகையாகவே இருக்கும்; 72 மணிக்கு ஒருமுறை பெருகும். காப்பிட் நோயாளிகளிடமோ கிருமிகள் ஏராளம். இம்முரண்பாடு சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங்கையும் ஜேனட் காக்ஸ் சிங்கையும் ஐயுறச் செய்தது. மரபணுச் சோதனையின் முடிவை அவர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 208 நோயாளிகளில் 120 பேரிடம் இருந்தது நோலெசி. சாயத்தில் இரு கிருமிகளும் ஏறத்தாழ ஒரே தோற்றம். வாழ்விலோ நோலெசியின் சுற்று 24 மணி நேரம். ஒரே நாளில் பெருகுவதால் அது ஆளைக் கொல்லக்கூடியது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டில் மனித மலேரியா உள்நாட்டில் ஒருவரையும் தொற்றவில்லை. அதே ஆண்டில் குரங்கு மலேரியா கண்டவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். காப்பிட் புதிரை அவிழ்த்தது மரபணுவே, ஒளியன்று. ஆனால் தோற்றம் ஒன்றாகவும் வாழ்வு வேறாகவும் இருக்கக்கூடும் என்பது அங்கே ஐயமின்றி நிறுவப்பட்டது.

உயிரணுவைக் கொல்லாமல் நோக்குவதில் தடை யாது? உயிரணு பெரும்பாலும் நீர். கண்ணாடி போல் ஒளியை ஊடுருவவிடும். ஒளி அதனுள் மங்குவதில்லை, சற்றே தாமதிக்கிறது. தாமதத்தைக் கண் உணராது. நெதர்லாந்தின் சேர்னிக்கே 1930களில் அத்தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றும் வழியைக் கண்டார். ஜெர்மனியின் பெயர்பெற்ற கண்ணாடிக் கருவி நிறுவனம் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரணு பிளவுறுவதைச் சாயமின்றிக் காண்பது எளிதாயிற்று.

மற்றொரு வழி தமிழர் இருவரின் உழைப்பில் பிறந்தது. 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்த சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கல்கத்தாவில் அவருடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஒரே நிற ஒளியைப் பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு, நிறம் மாறி வெளிவரும் என்பதை 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நிறுவினர். மாற்றத்தின் அளவு மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தன் கையெழுத்து உண்டு. ராமனுக்கு நோபல் பரிசு 1930ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வொளி கொண்டு உயிருள்ள ஒற்றை அணுவை ஆராய இன்னும் அறுபது ஆண்டுகள் சென்றன. நெதர்லாந்தின் பப்பெல்ஸ் குழுவினர் 1990ஆம் ஆண்டில் அதைச் செய்தனர். பச்சை லேசர் அணுவைச் சிதைக்கிறது, சிவப்பு லேசர் சிதைப்பதில்லை என்று மறு ஆண்டு காட்டியவர்களும் அவர்களே. சாயம் மட்டுமா கொல்லும்? ஒளியும் கொல்லும். ஹீமோசோயினின் கையெழுத்தைச் செங்குருதி அணுவுக்குள்ளேயே வாசித்து, அது இருக்கும் இடத்தைப் படமாக்கியவர்கள் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்து பேடன் வுட்டும் டான் மெக்நாட்டனும், ஆண்டு 2003. லாவரான் கண்ட கரும்பொட்டு ராமன் ஒளியில் தன் பெயரைத் தானே சொல்லிற்று.

இன்று ‘ஒளியுணரி’ எனப்படும் கருவிகளுள் பெயர்பெற்றது பொன்தகட்டு முறை. கண்ணாடியின்மீது ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்பில் பொன் பூசுவர். ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அடியிலிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தினால், குறித்த ஒரு கோணத்தில் பொன் அதனை விழுங்கிவிடும். தகட்டின்மேல் ஏதேனும் ஒட்டினால் அக்கோணம் நகரும். 1968ஆம் ஆண்டில் ஓட்டோவும் கிரெட்ச்மனும் ரேதரும் இவ்விளைவை எழுப்பும் வழிகளைக் காட்டினர். 1983ஆம் ஆண்டில் சுவீடனின் லின்சோப்பிங் நகர ஆராய்ச்சியாளர் அதனை உயிர்ப்பொருள் உணரியாக்கினர். பொன்னுக்குப் பதில் நுண்வரிகள் கொண்ட ஒளித்தகட்டின்மீது உயிரணுக்களை வளர்த்து, மருந்து பட்டதும் அணுவுக்குள் பொருள்கள் இடம்பெயர்வதை நிமிடத்துக்கு நிமிடம் அளப்பதை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்வுணரிகள் தகட்டை ஒட்டிய அணுவின் அடிப்பாகத்தை மட்டுமே அறியும்.

மலேரியா அணுவின் முழு உருவையும் ஒளியால் அளந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர். அக்குழுவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சுப்ரா சுரேஷ் ஒருவர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் ஆய்வு, சேர்னிக்கே வெளிச்சமாக்கிக் காட்டிய அத்தாமதத்தையே எண்ணாக அளந்தது. கிருமி வளர வளர, அணுவில் ஒளி தாமதிக்கும் அளவு குறைந்தது. ஹீமோகுளோபின் தின்னப்பட்டதன் கணக்கு அது. நலமுள்ள செங்குருதி அணுவின் தோல் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். கிருமி முதிர முதிர அத்துடிப்பு அடங்கிற்று; அணு விறைத்துவிட்டது. உடலின் இயல்பான வெப்பத்திலும் காய்ச்சலின் 41 பாகை வெப்பத்திலும் இதனை அளந்தனர். விறைத்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்வது ஃபால்சிபாரம் என்னும் கொடிய வகை மலேரியாவில் மரணத்துக்கு ஒரு காரணம். அணு எவ்வளவு விறைத்தது என்பதைச் சாயமிட்ட தகட்டில் காண இயலாது. அங்கே எல்லா அணுக்களும் விறைத்தவையே.

இவ்வளவு இருந்தும் மருத்துவமனையில் கீம்சாவின் புட்டி இன்னும் இடம் பெயரவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்கும் சோதனைகள் சாயமிட்ட தகடும் விரைவுச் சோதனைப் பட்டையுமே. ஹீமோசோயினைக் காந்தத்தால் திருப்பி, ஒளியில் நேரும் மாற்றத்தை அளக்கும் சிறு கருவிகள் வந்துள்ளன. வழக்கமான குருதி எண்ணும் பொறியின் லேசர் ஒளியில் மலேரியா தற்செயலாகச் சிக்குவதையும் தென்னாப்பிரிக்கர் 1999ஆம் ஆண்டில் காட்டினர். இவையெல்லாம் படிகத்தை நம்பியவை. அணுவுக்குள் புகுந்து சில மணி நேரமே ஆன கிருமி ஒரு மெல்லிய வளையமாகத்தான் இருக்கும். படிகம் அதனிடம் இன்னும் சேர்ந்திராது. ஃபால்சிபாரம் முதிர்ந்தபின் குழாய்ச் சுவர்களில் ஒளிந்துகொள்வதால், விரல் நுனியில் எடுக்கும் சொட்டில் பெரும்பாலும் கிடைப்பவை அந்த இளவளையங்களே. சாயம் அவற்றைச் செம்புள்ளி பதித்த நீல மோதிரங்களாகக் காட்டிவிடுகிறது. சாயமின்றி அவற்றைக் காட்டும் எளிய கருவி எந்தத் தோட்டப்புற மருந்தகத்துக்கும் இன்னும் வந்து சேரவில்லை.